புது ரிவால்வர் முரண்டு பிடித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லைசன்ஸ் கைக்கு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. விண்ணப்பம், போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ், அப்புறம் துப்பாக்கிக்கான பணம். இவ்வளவு அலைந்து வாங்கிய ரிவால்வர் முதல் நாளே 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். சுடுதளத்தில் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

நம் ஊரில் லைசன்ஸ்காரர்களிடம் அதிகம் இருப்பது கான்பூரில் செய்யப்படும் .32 ரிவால்வர்கள். குழலை முன்பக்கமாக மடக்கித் திறக்கும் பழைய வெப்லி பாணி ஒரு வகை. 2014இல் வந்த நிர்பீக் ரிவால்வரும் அந்த வகைதான். தோட்டா போடும் ஆறு அறைகள் கொண்ட சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வருவது இன்னொரு வகை. 2023இல் வந்த பிரபல் அப்படிப்பட்டது. இந்த இரண்டு வகைகளையும் மனதில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுத் துப்பாக்கியில் 'கோளாறு' என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பகுதி கிரீஸ், அழுக்கு, தோட்டா என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. மீதியை லைசன்ஸ் உள்ள ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவர், பார்க்க வேண்டும். அரம் எடுக்க வேண்டிய வேலை நமக்கு எதிலும் கிடையாது.

சோதித்துப் பார்க்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

திறந்து, ஆறு அறைகளையும் கண்ணால் பாருங்கள். பிறகு விரல் நுனியால் ஒவ்வொரு அறையையும் தொட்டுப் பாருங்கள். தோட்டாப் பெட்டியை வீட்டில் வேறு ரூமில் வைத்துவிட்டு வாருங்கள். போன் வந்து எழுந்து போய்விட்டுத் திரும்பினால் மறுபடியும் முதலிலிருந்து பாருங்கள். இருபது வருடம் சுட்டவரும் இதைத்தான் செய்கிறார். பின்பக்கத்திலிருந்து தோட்டாவை அடிக்கும் பாகம்தான் சுத்தி. இனி கீழே 'சுத்தியை இழுத்துப் பாருங்கள்' என்று எங்கே சொன்னாலும், காலித் துப்பாக்கியில், ஆளில்லாத கெட்டியான சுவரைப் பார்த்து என்றே பொருள்.

பெட்டியைப் பிரித்தால் பிசுபிசுப்பு. அறைகளில் கரி வேறு. பழையதைத் தலையில் கட்டிவிட்டார்களா?

இல்லை. விற்பனைக்கு வரும் முன் தொழிற்சாலையில் சுட்டுச் சோதிப்பார்கள். அந்தக் கரிதான் அது. பிசுபிசுப்பு, கிடங்கில் துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய கிரீஸ்.

ஆனால் அதைத் துடைக்காமல் சுடப் போகாதீர்கள். சுத்தி வந்து அடிக்கும் பாதையில் கிரீஸ் தேங்கியிருந்தால் அடியின் வேகம் குறைந்துவிடும். குழலுக்கும் ஒவ்வொரு அறைக்கும் பிரஷ் போட்டு, பிறகு வெள்ளைப் பருத்தித் துணித் துண்டுகளைத் தள்ளுங்கள். துண்டு வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடாதீர்கள். பழைய ஆட்கள் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுவார்கள். கிரீஸ் நன்றாகவே கரையும். ஆனால் அதை ஒட்டத் துடைத்துவிட்டுத் துப்பாக்கி எண்ணெய் தடவ வேண்டும். மண்ணெண்ணெய் தனியாக இரும்பைக் காக்காது. எண்ணெயும் ஒரு மெல்லிய படலம் போதும். சொட்டினால் அதிகம்.

கடையில் வாங்கும்போதே எதையெல்லாம் பார்க்கலாம்?

இந்தக் கேள்வியை வாங்குவதற்கு முன் கேட்பவர்கள் குறைவு. கடையை விட்டு வெளியே வந்து லைசன்ஸில் எண்ணும் ஏறிவிட்டால், மாற்றித் தரச் சொல்வது காகித வேலையாகிவிடும். ஆகவே கடை மேஜையில் அரை மணி நேரம் செலவழியுங்கள். விவரம் தெரிந்த கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதலில் துப்பாக்கியின் உடற்பகுதியில் பொறித்த எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து டைமிங். சுத்தியை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சிலிண்டர் சுற்றி வந்து, கீழேயிருக்கும் தாழ் அதன் பள்ளத்தில் 'க்ளிக்' என்று விழ வேண்டும். சுத்தி முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்கு முன்போ, அதே நேரத்திலோ இது நடந்தாக வேண்டும். சுத்தி நின்ற பிறகும் சிலிண்டரைக் கையால் கொஞ்சம் தள்ளினால்தான் தாழ் விழுகிறது என்றால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். ஓர் அறையில் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டு ஆறையும் பாருங்கள். ஐந்து சரியாக இருந்து ஆறாவது மட்டும் பிசகுவது உண்டு. ஒரு நண்பரின் புது ரிவால்வரில் நானே பார்த்திருக்கிறேன். கடையில் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாக வந்தவர் அவர்.

பிறகு சிலிண்டரின் முன்முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி. வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். மெல்லிய ஒரே சீரான கோடாகத் தெரிய வேண்டும். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் கிடைத்தால் அளந்தே பார்க்கலாம். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருப்பது வழக்கம். இடைவெளியே தெரியவில்லை என்றால் நாலு ரவுண்டு சுட்டதும் கரி ஏறிச் சிலிண்டர் இறுகிவிடும்.

கடைசியாகக் குழல். கட்டைவிரல் நகத்தைக் குழலின் பின்பக்கத்தில் வைத்து, நகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் முன்னாலிருந்து பாருங்கள். குண்டைச் சுழல வைக்கும் வரிப்பள்ளங்கள் கூர்மையாக, தடங்கலில்லாமல் ஓட வேண்டும்.

டிரிகரை இழுத்தேன், 'டக்' என்றது, சுடவில்லை. அடுத்து என்ன?

அடுத்து ஒன்றும் செய்யாதீர்கள். அப்படியே இலக்கைப் பார்த்துப் பிடித்தபடி முப்பது விநாடி நில்லுங்கள். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும்.

ரிவால்வரில் இது இன்னும் முக்கியம். 'சரி, அடுத்ததைச் சுடுவோம்' என்று உடனே டிரிகரை இழுத்தால், வெடிக்காத தோட்டா குழலுக்கு நேராக இருந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். அது அப்போது வெடித்தால் குண்டு போக வழி கிடையாது. எத்தனையோ பேர் யோசிக்காமல் செய்யும் தவறு இது.

முப்பது விநாடி போனதும் திறந்து, அந்தத் தோட்டாவை எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் உள்ள சிறிய வட்டம் பிரைமர். அதில் விழுந்திருக்கும் தழும்பு பாதிக் கதையைச் சொல்லிவிடும். தழும்பு ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டாவில்தான் குறை. பழைய தோட்டாவாகவோ ஈரம் கண்டதாகவோ எண்ணெய் இறங்கியதாகவோ இருக்கும். தோட்டா அறையில் எண்ணெய் தேங்க விட்டு, அதிலேயே தோட்டாவை மாதக்கணக்கில் போட்டு வைத்தால் பிரைமர் செத்துப்போகும்.

தழும்பு மேலோட்டமாக, ஊசியால் தொட்டதுபோல் இருந்தால் அடியில் வேகம் போதவில்லை. கிரீஸ் மிச்சமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மடக்கும் வகையில், மேலே உள்ள கொக்கி முழுதாகப் பூட்டவில்லை என்றாலும் இப்படித்தான் ஆகும். தழும்பு நடுவில் விழாமல் ஓரமாக விழுந்திருந்தால் டைமிங்கைச் சந்தேகியுங்கள். சுத்தம் செய்த பிறகும், வேறு பெட்டித் தோட்டா போட்ட பிறகும் அதே மெல்லிய தழும்புதான் என்றால் ஸ்பிரிங்கையும் சுத்தி முனையையும் ஆர்மரர் பார்க்க வேண்டும்.

வெடிக்காத தோட்டாவைக் குப்பையில் போடாதீர்கள். பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். கிளப்பில் இருந்தால் ரேஞ்ச் அதிகாரியிடம் கொடுங்கள், இல்லையென்றால் வாங்கிய கடையில் கேளுங்கள்.

பெட்டியில் '.32' என்றுதான் போட்டிருக்கிறது. பிறகு ஏன் சரியாக உட்காரவில்லை?

'.32' என்ற பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தோட்டாக்கள் உண்டு. ரிவால்வருக்கு உரியது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங். 1896இலிருந்து இருப்பது. கூட்டின், அதாவது மருந்து அடைத்த உலோக உறையின், நீளம் ஏறக்குறைய 23 மில்லிமீட்டர். அடியில் நன்றாகத் துருத்திய விளிம்பு இருக்கும். பிஸ்டலுக்கு உரியது .32 ஏசிபி. கூடு 17 மில்லிமீட்டர்தான், விளிம்பு இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குச் சிறியது.

பிஸ்டல் தோட்டா ரிவால்வர் அறைக்குள் நுழைந்துவிடும் என்பதுதான் ஆபத்து. அதன் அழுத்த வரம்பு ரிவால்வர் தோட்டாவைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். சிறிய விளிம்பு அறையின் விளிம்பில் ஒழுங்காகப் பிடிக்காது. சுட்டால் கூடு பிளக்கலாம், துப்பாக்கியும் கெடலாம். லைசன்ஸில் '.32' என்று மட்டும் எழுதியிருப்பதால் கடைப் பையன் தவறான பெட்டியை எடுத்துக் கொடுப்பது நடக்கக்கூடியதே. பெட்டியின் மேல் 'ரிவால்வர்' என்று இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

ஒரு ரவுண்டு மட்டும் சத்தமே இல்லாமல் 'புஸ்' என்றது. பரவாயில்லையா?

நிறுத்துங்கள். உடனே நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வெடிமருந்து சரியாக எரியாமல் பிரைமரின் வேகத்தில் மட்டும் குண்டு நகர்ந்திருக்கலாம். அப்படியானால் அது குழலுக்குள் பாதியில் சிக்கியிருக்கும். அடுத்த ரவுண்டு போய் அதன் மேல் மோதினால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். வழக்கமான சத்தத்துக்கும் உதைப்புக்கும் குறைவாக எது வந்தாலும் காலி செய்து, குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் தட்டி எடுக்கும் வேலை ஆர்மரருடையது. இரும்புக் கம்பியை விட்டுக் குத்தி வரிப்பள்ளத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

முதல் ஆறு ரவுண்டு நன்றாக ஓடியது. இப்போது சிலிண்டர் இறுகிச் சுற்ற மறுக்கிறது.

காலிக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டைத் தூக்கி, அதன் அடியில் பாருங்கள். எரியாத மருந்துத் துகள் இரண்டு மூன்று அங்கே உட்கார்ந்திருக்கும். கடுகில் கால்வாசி அளவுதான் இருக்கும், ஆனால் அது போதும். தகடு முழுதாகப் படியாது, தோட்டா அந்த அளவு பின்னுக்குத் துருத்தும், சிலிண்டர் உரசும். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைத் துப்பாக்கிப் பையில் எப்போதும் வைத்திருங்கள். என் பையில் துணி இல்லாமல்கூட இருந்திருக்கிறது, பிரஷ் இல்லாமல் இருந்ததில்லை.

பக்கவாட்டில் திறக்கும் வகையில் கூடு தள்ளும் கம்பி மரை தளர்ந்து முன்னுக்கு வந்திருக்கலாம். வந்துவிட்டால் சிலிண்டர் சுற்றவும் மறுக்கும், திறக்கவும் மறுக்கும். இவை எதுவும் இல்லையென்றால் தோட்டாவைப் பாருங்கள். பிரைமர் கூட்டின் அடிமட்டத்தைவிட மேலே நிற்கிறதா, அல்லது உதைப்பில் குண்டு கழன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதா? இரண்டுமே சிலிண்டரைப் பூட்டிவிடும். உள்ளே உயிருள்ள தோட்டா இருக்கும்போது வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள். குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

காலிக் கூடுகள் வெளியே வர மறுக்கின்றன.

மடக்கும் வகையைத் தயங்கித் தயங்கித் திறப்பதால் வருவதுதான் பெரும்பாலும். பாதி திறந்து நிறுத்தினால் ஒரு கூடு நட்சத்திரத் தகட்டின் அடியில் நழுவி மாட்டிக்கொள்ளும். ஒரே வீச்சில், உறுதியாகத் திறந்து, துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்துவிடுங்கள். கூடுகள் தாமாகவே விழும். பக்கவாட்டுச் சிலிண்டர் என்றால் குழலை மேல்நோக்கி வைத்துக் கம்பியை ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். அப்படிச் செய்தால் மருந்துத் துகளும் தகட்டின் அடியில் போகாது.

ஒரே அறையில் மட்டும் எப்போதும் ஒட்டுகிறது என்றால் அந்த அறைச் சுவரில் சொரசொரப்பு இருக்கும். கூட்டை எடுத்துப் பாருங்கள், நீளவாக்கில் கீறல் தெரியும். உத்தரவாதக் காலத்தில் திருப்பிக் கொடுக்க அந்தக் கூடே சாட்சி. பத்திரமாக வையுங்கள்.

சுடும்போது முகத்திலும் கையிலும் ஏதோ தெறிக்கிறது.

இடைவெளி வழியே கொஞ்சம் புகையும் தீப்பொறியும் பக்கவாட்டில் வருவது ஏறக்குறைய எல்லா ரிவால்வருக்கும் உள்ளது. அதனால்தான் இடது கை விரலைச் சிலிண்டரின் முன்பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று அடித்துச் சொல்கிறோம். ஆனால் ஈயச் சீவல் தெறித்துப் பக்கத்தில் நிற்பவர் 'ஆ' என்றால் அது வேறு. அறையும் குழலும் நேர்கோட்டில் இல்லாமல், குண்டு குழலின் விளிம்பில் உரசி நுழைகிறது. டைமிங் பிசகு. இதை வைத்துக்கொண்டு சுடாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடவே சுடாதீர்கள்.

புதுச் சிலிண்டரில் சுற்றிலும் ஒரு கோடு விழுந்துவிட்டதே?

தாழ் உரசுவதால் வரும் மெல்லிய கோடு எல்லாவற்றிலும் வரும். மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நகம் வைத்தால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளமாக இருந்தால் மட்டும் காட்டுங்கள். சிலிண்டரைத் திறந்த நிலையில் சுழற்றி, சினிமாவில் வருவதுபோல் 'டப்' என்று அடித்து மூடாதீர்கள். அந்த ஒரு பழக்கம் சிலிண்டரைத் தாங்கும் கையை வளைத்து நல்ல துப்பாக்கியையும் கெடுத்துவிடும்.

டிரிகர் ரொம்பக் கனம். ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் சரியாகும் என்கிறார்களே?

வெட்டாதீர்கள். சுத்தியை இழுக்காமல் நேராகச் சுடும்போது ஐந்து கிலோவுக்குப் பக்கத்தில் இழுக்க வேண்டியிருப்பது இயல்பு. பெரும்பாலான ரிவால்வரில் தனிப் பாதுகாப்புப் பூட்டு கிடையாது, அந்தக் கனமும் ஒரு காவல்தான். வெட்டினால் டிரிகர் இலேசாகும், கூடவே அடியும் இலேசாகும். அப்புறம் 'டக்' என்ற கேள்வியோடு திரும்பி வருவீர்கள். தினம் பத்து நிமிடம் காலியாக இழுத்துப் பழகுங்கள். சில நூறு இழுப்பில் உரசும் பரப்புகள் வழவழப்பாகும், உங்கள் விரலும் தேறும். அதற்கு வெடிக்காத பயிற்சித் தோட்டாக்களைப் போட்டுக்கொள்வது சுத்தி முனைக்கு நல்லது. .22 ரிவால்வர் என்றால் அவை இல்லாமல் காலியாக அடிக்கவே வேண்டாம். அதன் ஊசி அறையின் விளிம்பில் போய் மோதும்.

எல்லாக் குண்டும் இடது பக்கம் கீழே போகிறது. குறிமுள் கோணலா?

வலது கைக்காரர் என்றால் முதலில் கையைச் சந்தேகியுங்கள். சத்தம் வரப்போகிறது என்று கை முன்கூட்டியே இறுகித் துப்பாக்கியின் மூக்கைக் கீழே அமுக்குகிறது. இதை இரண்டே நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். நண்பரிடம் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் சில அறையில் தோட்டாவும் சில அறையில் காலிக் கூடும் போட்டுத் தரச் சொல்லுங்கள். காலி அறை வரும்போது குழல் முனை துள்ளிக் கீழே போவதை நீங்களே பார்ப்பீர்கள். எனக்கு இதை ஒரு ஓய்வுபெற்ற சுபேதார் செய்து காட்டினார். அன்றைக்கு வரை துப்பாக்கியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மணல் மூட்டையில் கையைத் தாங்கி, பத்து மீட்டரில் நன்றாகச் சுடும் ஒருவரும் சுட்டு அதே இடத்தில் விழுந்தால் மட்டுமே குறிமுள்ளைப் பற்றிப் பேசலாம். 76 மில்லிமீட்டர் குழலிலிருந்து ரைஃபிளின் துல்லியத்தை எதிர்பார்க்கவும் கூடாது.

தோட்டத்தில் நாலு ரவுண்டு சுட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். சென்னை, மதுரை, கோவை என்று ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. அங்கே போங்கள். கவனக்குறைவாகவோ கொண்டாட்டத்துக்காகவோ உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால், 2019இல் திருத்திய ஆயுதச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசன்ஸும் போய்விடலாம்.

பக்கத்திலேயே நல்ல லேத் பட்டறை இருக்கிறது. அவரிடம் கொடுக்கலாமா?

அவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் கூடாது. துப்பாக்கி பழுதுபார்க்கவே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனி லைசன்ஸ் வேண்டும். குழலைக் குட்டையாக்குவதும் அனுமதியில்லாமல் செய்தால் குற்றம். வாங்கிய கடைக்கே முதலில் போங்கள். கொடுக்கும்போது துப்பாக்கி எண், தேதி, என்ன குறை என்று எழுதிய ரசீது வாங்குங்கள். அது இல்லாமல் துப்பாக்கியைப் பிறர் கையில் விட்டுவிட்டு வரக்கூடாது. குறையையும் 'சரியில்லை' என்று சொல்லாமல், 'மூன்றாவது அறையில் தாழ் விழவில்லை' என்று சொல்லுங்கள். வேலை சீக்கிரம் நடக்கும்.

தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கினால் துரு. என்ன செய்திருக்க வேண்டும்?

கடலோர ஊர்க்காரர்கள் அதிகம் கேட்பது இது. ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் முழுதாகச் சுத்தம் செய்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக எண்ணெய் பூசுங்கள். குழலுக்குள்ளும் அறைகளுக்குள்ளும் பூச மறக்காதீர்கள். தோல் உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் சேர்ந்து நீலப் பூச்சை அரிக்கும். வீட்டில் வைப்பதற்கும் இதே விதிதான். எண்ணெய் நனைத்த துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

திரும்ப வாங்கியதும் குழலில் தேங்கிய எண்ணெயை ஒட்டத் துடைத்த பிறகுதான் தோட்டா போட வேண்டும். சிவப்பாக மேலோட்டமாகப் படிந்த துரு, எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவைத்துப் பருத்தித் துணியால் தேய்த்தால் போய்விடும். உப்புத்தாள் போடாதீர்கள், பூச்சும் சேர்ந்து போய்விடும். குழலுக்குள் குழி விழுந்திருந்தால் சுடாமல் ஆர்மரரிடம் காட்டுங்கள்.